2023 டிராஃப்டில் வந்த ஷார்ட்ஸ்டாப்புகள்: நிம்மலா எங்க நிக்கிறான்?

ஸ்கார்பரோ_சிவா
6 டிசம்பர் 2025, இரவு 9:14

வணக்கம். எங்கட டொராண்டோ ப்ளூ ஜேஸ் தோத்த பேஸ்போல் உலகத் தொடரின்ர ஏழாவது ஆட்டத்தைப் பற்றிக் கதைக்க எனக்கு இன்னும் மனம் வரேல்லை. அதால அடுத்த தலைமுறைக்குப் போறன்.

எங்கட ஷார்ட்ஸ்டாப் பிச்செட் இப்ப ஃப்ரீ ஏஜென்ட், ஒப்பந்தம் முடிஞ்சு எந்த அணிக்கும் போகலாம். அவன் திரும்பி வராட்டி ஹிமெனெஸ் ஷார்ட்ஸ்டாப்புக்கு வருவான். அவன் பந்து பிடிக்கிறதில எனக்கு ஒரு குறையும் இல்லை, பேட்தான் பயம். சரி, கீழ ஆர் இருக்கினம் எண்டு பாத்தா முதல்ல கண்ணில படுறது அர்ஜுன் நிம்மலா. இந்தியாவில இருந்து வந்த தாய் தகப்பனுக்குப் பிறந்து ஃபுளோரிடாவில வளர்ந்த பெடியன், சின்ன வயசில கிரிக்கெட்டும் ஆடினவன். பேஸ்போலே பாக்காத எங்கட வீட்டு ஆக்களுக்கும் அவன்ர பேர் தெரியும்.

2023 டிராஃப்டில, அதாவது அணிகள் முறை வைச்சு இளம் ஆட்டக்காரரை எடுக்கிற தெரிவில, ஹைஸ்கூல் ஷார்ட்ஸ்டாப்புகள் போன வரிசையைப் பாருங்கோ. 20வதா நிம்மலாவை நாங்கள் எடுத்தம். 22ல கோல்ட் எமர்சனை மரினர்ஸ் எடுத்தது. 26ல ஜோர்ஜ் லொம்பார்ட் ஜூனியர், யாங்கீஸ். 27ல எய்டன் மில்லர், ஃபில்லீஸ். 37ல கெவின் மெக்கோனிகல், டைகர்ஸ். இண்டைக்கு நிலைமை என்ன? எமர்சனும் மில்லரும் சீசன் முடிவில பெரிய லீகுக்கு ஒரு படி கீழ இருக்கிற டிரிபிள்-ஏ வரைக்கும் போயிட்டினம். மெக்கோனிகலும் லொம்பார்டும் அதுக்குக் கீழ டபுள்-ஏ. எங்கட ஆள் முழு வருசமும் வான்கூவரில, அதுக்கும் கீழ ஹை-ஏயில, .224 சராசரியில (ஆயிரத்துக்கு 224 ஹிட்) அடிச்சு 13 ஹோம் ரன். எங்களுக்குப் பின்னால நிண்டவை எல்லாரும் முன்னால போயிட்டினம். நாங்கள் பிழையான பெடியனை எடுத்திட்டமோ? உண்மையைச் சொல்லுங்கோ, கோவிக்க மாட்டன்.


எண்கணக்கன்
6 டிசம்பர், 10:02

முதல்ல பிறந்த தேதியப் பாருங்க சிவா. மில்லர் 2004 ஜூன். மெக்கோனிகல் 2004 ஆகஸ்ட். லொம்பார்ட் 2005 ஜூன். எமர்சன் 2005 ஜூலை. நிம்மலா 2005 அக்டோபர். அஞ்சு பேர்ல கடைக்குட்டி அவன்தான். மில்லருக்கும் அவனுக்கும் 16 மாசம் வித்தியாசம். அந்த வயசுல 16 மாசம்ங்கறது சின்ன விஷயம் இல்ல. 2025 முழுக்க அவன் 19 வயசுல ஆடினான். எதிர்ல பந்து போட்டவங்கள்ல பாதிப் பேர் காலேஜ் முடிச்சுட்டு வந்த 22, 23 வயசு ஆளுங்க.

.224 நல்லா இல்லதான். ஆனா 2024ல டனீடன்ல, லோ-ஏல, எப்படி இருந்தான்னு ஞாபகம் இருக்கா? ஸ்ட்ரைக்கவுட் (மூணு ஸ்ட்ரைக்ல அவுட் ஆகறது) தாங்காம சீசனுக்கு நடுவுலயே பயிற்சி மையத்துக்குக் கூட்டிட்டுப் போய், ஸ்விங்கைச் சரிபண்ணித் திருப்பி அனுப்பினாங்க. அதுக்கப்புறம்தான் பந்து பறந்தது. 2025ல அந்த ஸ்ட்ரைக்கவுட் விகிதம் நல்லாவே குறைஞ்சிருக்கு, அதுவும் ஒரு படி மேல ஏறின வருஷத்துல. சராசரி இறங்கினதை எல்லாரும் பாக்கறாங்க, இதை யாரும் பாக்கறதில்ல.


பிட்ஸ்பர்க்_பாலா
6 டிசம்பர், 10:20

வயசு வயசுன்னு சொல்லாதீங்க. எங்க பைரேட்ஸோட ஷார்ட்ஸ்டாப் கானர் கிரிஃபின் 2006 ஏப்ரல்ல பிறந்தவன், நிம்மலாவை விட ஆறு மாசம் சின்னவன். 2025ல லோ-ஏ, ஹை-ஏ, டபுள்-ஏ மூணையும் ஒரே வருஷத்துல தாண்டினான். 122 ஆட்டம், .333, 21 ஹோம் ரன், 65 ஸ்டீல் (பேஸ் திருட்டு). அதுதான் அவனோட முதல் முழு சீசன்!

எங்க அணிக்கு நல்ல செய்தின்னு ஒண்ணு வர்றதே அபூர்வம், கொஞ்சம் கத்த விடுங்க.


ஸ்கார்பரோ_சிவா
6 டிசம்பர், 10:31

பாலா அண்ணை, புண்ணில உப்புத் தடவ வேண்டாம்.


அடையாறு_ஆனந்தி
7 டிசம்பர், காலை 7:40

மன்னிக்கணும், நான் புதுசு. உலகத் தொடர்ல யமமோட்டோவைப் பாத்துட்டு இந்தப் பக்கம் வந்தவ. லோ-ஏ, ஹை-ஏன்னு நீங்க சொல்றது பாதி புரியுது. ஏன் எல்லாரும் ஷார்ட்ஸ்டாப்பையே பேசறீங்க? மத்த இடத்துக்கெல்லாம் ஆள் வேண்டாமா?


வான்கூவர்வாசி
7 டிசம்பர், 8:55

வாங்க ஆனந்தி. சுருக்கமா சொல்றேன். ஒவ்வொரு பெரிய அணிக்கும் கீழ நாலு முழு சீசன் அணிகள் உண்டு: லோ-ஏ, ஹை-ஏ, டபுள்-ஏ, டிரிபிள்-ஏ. 30 அணிக்கு நாலு, ஆக மொத்தம் 120. 2021ல மைனர் லீகைத் திருத்தி அமைச்சப்ப வந்த கணக்கு இது. டொராண்டோவுக்கு டனீடன், வான்கூவர், நியூ ஹாம்ப்ஷர், பஃபலோன்னு ஏணி போகுது. அதுக்கும் கீழ ஃபுளோரிடா, அரிசோனா பயிற்சி மையங்கள்ல ஒரு லீக், டொமினிகன் குடியரசுல கோடைக்கால லீக் ஒண்ணு.

ஷார்ட்ஸ்டாப் நிக்கறது ரெண்டாவது பேஸுக்கும் மூணாவது பேஸுக்கும் நடுவுல. கிரிக்கெட்ல சொன்னா, பாயிண்ட்ல ஜான்ட்டி ரோட்ஸ் நின்ன மாதிரி. ஆனா இங்க தரையில வர்ற பந்தைப் பிடிச்ச கையோட பெரும்பாலும் முதல் பேஸுக்கு எறிஞ்சாதான் அவுட். வலதுகை ஆட்டக்காரங்க இழுத்து அடிக்கற பந்துல பெரும்பகுதி அங்கதான் வரும். கால் வேகம், கை பலம், மூளை மூணும் வேணும். அதனால ஸ்கூல்ல யார் சிறந்த விளையாட்டு வீரனோ அவனைக் கொண்டுபோய் அங்க நிறுத்திடுவாங்க. இன்னிக்கு பெரிய லீக்ல செகண்ட் பேஸ், தேர்ட் பேஸ், சென்டர் ஃபீல்டுல நிக்கறவங்கள்ல பாதிப் பேர் ஒரு காலத்துல ஷார்ட்ஸ்டாப். அங்க இருந்து வேற இடத்துக்குப் போகலாம், வேற இடத்துல இருந்து அங்க வர்றது ரொம்பக் கஷ்டம்.

இப்ப சிவாவோட கேள்வி. ஒரு விஷயத்தை யாரும் சொல்லல. நிம்மலாவும் எமர்சனும் 2025ல ஒரே லீக்ல ஆடினாங்க, நார்த்வெஸ்ட் லீக்ல. ஆனா ஒருத்தனோட சொந்த மைதானம் வான்கூவர் நாட் பெய்லி, இன்னொருத்தனோடது எவரெட். நாட் பெய்லிக்கு நான் வருஷா வருஷம் போறவன். ஜூன் மாசம் ராத்திரி ஆட்டத்துல ஜாக்கெட் இல்லாம உக்கார முடியாது. பந்து ஏறும், அப்புறம் சோர்ந்து போய் அவுட்ஃபீல்டர் கையில விழும். எவரெட்ல அதே அடி வேலிக்கு வெளியில போய் விழும். அந்த லீக்கைப் பின்தொடர்ற யாரைக் கேட்டாலும் இதைச் சொல்லுவாங்க. அதுக்காக ரெண்டு பேரும் சமம்னு சொல்ல வரல. எமர்சனுக்கு பந்தைத் தேர்ந்தெடுக்கற கண் நிஜமாவே இருக்கு, அதுக்கும் மைதானத்துக்கும் சம்பந்தம் இல்ல. ஆனா .224ஐயும் எமர்சனோட எண்ணையும் பக்கத்துல பக்கத்துல எழுதி, இவன் பாதி அவன் முழுசுன்னு கணக்குப் போடறது தப்பு.

நிம்மலா ஏப்ரல்ல ஆரம்பிச்ச விதத்தைப் பாத்து இங்க எல்லாரும் துள்ளினாங்க. கோடையில எண்கள் சரிஞ்சது. அந்தச் சரிவுதான் என்னைப் பொறுத்தவரை முக்கியம். பிட்சர்கள் ஒரு பையனைப் பத்திக் குறிப்பு எழுதிக்க ஒரு மாசம், ஒன்றரை மாசம் ஆகும். அதுக்கப்புறம் அவன் பதிலுக்கு என்ன செய்யறான்னு பாக்கணும். 2024ல ஒரு தடவை பதில் சொன்னான். 2025ல இன்னும் சொல்லல.


கரோலினா_குமார்
7 டிசம்பர், மதியம் 1:10

கிரிஃபினைப் பத்திப் பேசறதால நானும் வர்றேன். பைரேட்ஸோட ஹை-ஏ அணி இருக்கற கிரீன்ஸ்பரோ என் வீட்டுல இருந்து கார்ல ஒரு சின்னப் பயணம். அந்த மைதானம் பேட்டருக்குச் சொர்க்கம்னு பேர் எடுத்தது, அதனால அங்க எவன் அடிச்சாலும் ஸ்கவுட்டுங்க கொஞ்சம் கழிச்சுத்தான் பாப்பாங்க. வேடிக்கை என்னன்னா, கிரிஃபின் அங்க 51 ஆட்டத்துல அடிச்சது 7 ஹோம் ரன். அதுக்கு முன்னாடி லோ-ஏல, ஃபுளோரிடாவுல இருக்கற பிராடென்டன்ல, 50 ஆட்டத்துல 9. ஃபுளோரிடா லீக் பெரிய மைதானம், புழுக்கம், ஹோம் ரன் சுலபமா வராத லீக். சலுகை கிடைச்ச இடத்துல கம்மி, கிடைக்காத இடத்துல ஜாஸ்தி! அப்ப மைதானத்தை வெச்சு இவன் எண்ணைக் கழிக்க முடியாது.

பிராடென்டன்னு சொன்னதும் இன்னொண்ணு. 2008ல பைரேட்ஸ் ஒப்பந்தம் பண்ணின ரிங்கு சிங், தினேஷ் படேல் ரெண்டு பேரும் ஆடினது அதே ஊர்லதான். இந்தியத் தொடர்பு நிம்மலாவோட ஆரம்பிக்கல.

அப்புறம் கிரீன்ஸ்பரோல ஷார்ட்ஸ்டாப்னு பேச்சு வந்தா 1993ஐ விட்டுட முடியாது. பின்னாடி யாங்கீஸ் நட்சத்திரமான டெரிக் ஜீட்டர் அந்த வருஷம் இதே ஊர்ல, பழைய மைதானத்துல, 56 எரர் (பிடிக்கறதுல, எறியறதுல தப்பு) பண்ணினார். ஐம்பத்தாறு! இவனை அவுட்ஃபீல்டுக்குத் தள்ளிடுங்கன்னு அன்னிக்கு யாராவது கேட்டிருந்தா யாரும் சிரிச்சிருக்க மாட்டாங்க. யாங்கீஸ் தள்ளல. மைனர் லீக் எரர் எண்ணைக் காட்டி என்கிட்ட யாராவது வாதம் பண்ணினா இந்த ஒரு எண்ணைச் சொல்லிட்டுப் போயிடுவேன்.


எண்கணக்கன்
7 டிசம்பர், 1:32

ஜீட்டர் கதையை எல்லாருக்கும் பொருத்தக் கூடாது குமார். 50 எரர் பண்ணி காணாமப் போனவங்க பேர் நமக்குத் தெரியாது, அவ்வளவுதான்.


கரோலினா_குமார்
7 டிசம்பர், 1:40

ஒத்துக்கறேன். நான் சொல்ல வந்தது, எரர் கணக்கு எந்தப் பக்கத்துக்கும் சாட்சி இல்லன்னுதான்.


ஓக்லண்ட்_அனாதை
7 டிசம்பர், மாலை 6:05

ஊரே இல்லாத ஏ'ஸ் அணிக்கு ரசிகனா இருக்கறவன் பேசறேன். சாக்ரமென்டோல வாடகைக்கு இருக்கோம், லாஸ் வேகஸ்ல வீடு கட்டறோம். ஆனா ஷார்ட்ஸ்டாப் லியோ டி வ்ரீஸ் நம்மகிட்ட வந்துட்டான், அதனால கொஞ்சம் தூக்கம் வருது.

2024 ஜனவரில பாட்ரேஸ் 42 லட்சம் டாலர் குடுத்து ஒப்பந்தம் பண்ணின பையன். டொமினிகன் கோடைக்கால லீகையே ஆட விடாம நேரா லோ-ஏக்கு, 17 வயசுல. 2025 ஜூலை 31 அன்னிக்கு எங்க பிட்சர் மேசன் மில்லரை வாங்கறதுக்காக இவனைக் கொடுத்தாங்க. கடைசியில மிட்லண்ட்ல, டபுள்-ஏல, இருபது ஆட்டம் சொச்சம் ஆடி ஜோரா முடிச்சான். 19 வயசு ஆகறதுக்கு முன்னாடி. ரெண்டு பக்கமும் நின்னு அடிப்பான்.

இதுல எனக்குப் பிடிச்ச பகுதி: 2014 ஜூலையில எங்க அணி இதையே தலைகீழாப் பண்ணிச்சு. ஜெஃப் சமார்ஜா, ஜேசன் ஹாமல்னு ரெண்டு பிட்சர்கள் வேணும்னு இளம் ஷார்ட்ஸ்டாப் அடிசன் ரசலைக் கப்ஸுக்குக் கொடுத்தோம். அந்த வருஷம் வைல்டு கார்டு ஆட்டத்துலயே வெளியேறினோம். ரசல் 2016ல ஆல்-ஸ்டார், கப்ஸ் உலகத் தொடரை ஜெயிச்ச அணியோட ஷார்ட்ஸ்டாப். அப்ப நாங்க வயிறு எரிஞ்சோம். ஆனா 2019க்கு அப்புறம் ரசல் பெரிய லீக்ல ஆடவே இல்ல. யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம்னு எந்த வருஷத்துல நின்னு பாக்கறீங்களோ அதைப் பொறுத்தது.


மில்வாக்கி_மணி
7 டிசம்பர், 8:48

எங்க ப்ரூவர்ஸோட ஷார்ட்ஸ்டாப் ஹெசூஸ் மாடே பேரை இன்னும் ஒருத்தரும் எடுக்கலையே. டி வ்ரீஸ் வாங்கின அதே ஜனவரி, அதே நாடு. 9.5 லட்சம் டாலர்தான், கால்வாசி கூட இல்ல. 2007 மே மாசம் பிறந்தவன், உங்க லிஸ்ட்ல எல்லாரையும் விடச் சின்னவன். கரோலினா, விஸ்கான்சின் அணிகளைத் தாண்டி செப்டம்பர்ல பிலாக்சி அணி. 18 வயசுல டபுள்-ஏ. ஹோம் ரன் இன்னும் வரல, அது வரும். உடம்பு இனிமேத்தான் வளரணும்.

காசை வெச்சு இந்தப் பசங்களை அளக்காதீங்க. டாடிஸ் ஜூனியருக்கு வைட் சாக்ஸ் கொடுத்தது 7 லட்சம், அதையும் மறு வருஷமே ஜேம்ஸ் ஷீல்ட்ஸுக்காக பாட்ரேஸ்கிட்ட தூக்கிக் கொடுத்துட்டாங்க. எல்லி டி லா க்ரூஸுக்கு ரெட்ஸ் கொடுத்தது 65,000.


அடையாறு_ஆனந்தி
7 டிசம்பர், 9:15

லட்சக்கணக்குல டாலர்னா இந்தப் பசங்க எல்லாம் பணக்காரங்களா?


கரோலினா_குமார்
7 டிசம்பர், 9:30

மேல பேர் வந்தவங்க ஆமா. மத்தவங்க இல்ல. லோ-ஏ பையனுக்கு 2022 வரைக்கும் வருஷத்துக்குக் குறைந்தபட்சம் 11,000 டாலர்.  2022 செப்டம்பர்ல மைனர் லீக் ஆட்டக்காரங்க பெரிய லீக் யூனியன்ல சேந்தாங்க, அடுத்த வருஷ ஒப்பந்தத்துல அது 26,200 ஆச்சு. டிரிபிள்-ஏல 35,800. நீங்க மைதானத்துல பாக்கற ஒன்பது பேர்ல ஏழு பேர் இந்தச் சம்பளத்துல ஆடறவங்க.


வான்கூவர்வாசி
7 டிசம்பர், 10:12

மணி, அனாதை, பாலா மூணு பேருமே அவங்கவங்க ஆளை விக்கறாங்க, சந்தோஷம். ஆனா நாம ஒப்பிடறது பேட்டை மட்டும்தான். ஷார்ட்ஸ்டாப்புகளை ஒப்பிடணும்னா முதல் கேள்வி இதுதானே: இவங்கள்ல யார் 25 வயசுலயும் அதே இடத்துல நிப்பாங்க?

பழைய வகுப்பை எடுங்க. 2011 டிராஃப்டில எட்டாவதா லிண்டோர், ஒன்பதாவதா பாயஸ். 2012ல முதல் ஆளா கொரெயா, 11ல ரசல், 18ல சீகர். 2014, 2015 வாக்குல இந்த அஞ்சு பேரையும் வரிசைப்படுத்தறதுதான் எல்லாரோட பொழுதுபோக்கும். சீகரைப் பத்தி எல்லாரும் சொன்னது ஒண்ணே ஒண்ணு: ஆறடி நாலு அங்குலம், இவன் தேர்ட் பேஸுக்குப் போயிடுவான். 2025ல சீகர் இன்னும் ஷார்ட்ஸ்டாப். கை பலத்துக்கும் உடல்வாகுக்கும் ஷார்ட்ஸ்டாப்னா இவன்தான்னு சொன்ன கொரெயா, ஜூலையில ஹூஸ்டனுக்குத் திரும்பினதும் தேர்ட் பேஸ்ல நின்னான். பாயஸ் இந்த வருஷம் டெட்ராய்ட்ல பாதி நாள் சென்டர் ஃபீல்டு. லிண்டோர் ஒருத்தன்தான் எல்லாரும் சொன்னபடியே நடந்துக்கிட்டான்.

அதுக்கு ஒரு வருஷம் முன்னாடி, 2013ல, பேஸ்பால் அமெரிக்கா பத்திரிகையோட இளம் ஆட்டக்காரங்க பட்டியல்ல முதல் ஆள் யார்? ஜூரிக்சன் ப்ரொஃபார். ஷார்ட்ஸ்டாப். அப்புறம் தோள்பட்டைக் காயம், ரெண்டு வருஷம் வீண். பிறகு 2024ல ஆல்-ஸ்டார் ஆனான், லெஃப்ட் ஃபீல்டரா.

இப்ப இன்னொரு சங்கதி. 2023ல இருந்து ரெண்டாவது பேஸுக்கு ரெண்டு பக்கமும் ரெண்டு ரெண்டு இன்ஃபீல்டர் நிக்கணும்னு விதி. முன்னாடி எல்லாம் கால் மெதுவான ஷார்ட்ஸ்டாப்பை ஷிஃப்ட்ல ஒளிச்சு வெக்கலாம். பந்து வர்ற இடத்துல முன்கூட்டியே கொண்டுபோய் நிறுத்திட்டா ஓடவே வேண்டாம். இப்ப ஒளிய இடம் இல்ல. அதனால இந்தத் தலைமுறைக்குப் பரீட்சை கொஞ்சம் கடினம். பிச்செட்டையே எடுங்க. 2016ல 66வதா எடுத்த நாள்ல இருந்து இவன் செகண்ட் பேஸ்தான்னு சொல்லிக்கிட்டே இருந்தாங்க, அவன் வருஷக்கணக்கா ஷார்ட்ஸ்டாப்ல நின்னான். ஆனா இப்ப அவனை வாங்கப் போற அணி எங்க நிறுத்தும்னு கேட்டா, எனக்கு செகண்ட் பேஸ்னுதான் தோணுது.


எண்கணக்கன்
7 டிசம்பர், 10:40

அப்ப மெக்கோனிகலை எங்க வெப்பீங்க? என் லிஸ்ட்ல மொத்தத்துக்கும் அவன் ரெண்டாவது. வாக் (நாலு தப்பான பந்துக்குக் கிடைக்கற இலவச பேஸ்) எண்ணிக்கை ஸ்ட்ரைக்கவுட்டை விட ஜாஸ்தி, அதோட கூடவே 19 ஹோம் ரன். இந்த ரெண்டும் ஒரே ஆள்கிட்ட இருக்கறது எவ்வளவு அபூர்வம்னு தெரியுமா? ஆறடி கூட இல்ல. ஏப்ரல்ல கணுக்கால் காயம், அதனால நூறு ஆட்டம் கூட ஆடல. அப்புறம் அரிசோனா ஃபால் லீக்ல எம்விபி, அதாவது சிறந்த ஆட்டக்காரன். 2026ல பெரிய லீக்ல, பந்து ஸ்ட்ரைக்கா இல்லையான்னு அம்பயர் சொன்னதை ஆட்டக்காரனே எதிர்த்துக் கேக்கற முறையீட்டு முறை வேற வருது. ஸ்ட்ரைக் சோனை மனசுக்குள்ள வெச்சிருக்கறவனுக்கு அது லாட்டரி.


வான்கூவர்வாசி
7 டிசம்பர், 10:58

பேட்ல அவன் ரெண்டாவதுன்னா ஒத்துக்கறேன். சில நாள் முதல் இடம்னு கூட நினைக்கறேன். ஆனா ஷார்ட்ஸ்டாப்பா? அரிசோனாவில டைகர்ஸ் அவனைத் தேர்ட் பேஸ்லயும் நிறுத்திப் பாத்தாங்க. காரணம் இல்லாம பண்ணுவாங்களா? வலதுபக்கம் குழியில போற பந்தைப் பிடிச்சு எறியற கை அவனுக்கு இருக்கான்னு எல்லாருக்கும் சந்தேகம். கிரிஃபினுக்கு அந்தச் சந்தேகமே இல்ல, சென்டர் ஃபீல்டு கூட ஆடக்கூடிய கால். லொம்பார்டைப் பாருங்க, டபுள்-ஏல அடிக்க முடியாம திணறினான், ஆனா அவன் பந்து பிடிக்கறதைப் பாத்தா நாளைக்கே பெரிய லீக்ல நிறுத்தலாம்.

அதனாலதான் சொல்றேன், நாம ஒரு பட்டியல் போடல, ரெண்டு பட்டியல் போடறோம். யார் நல்ல ஆட்டக்காரன் ஆவான்னு ஒண்ணு. யார் ஷார்ட்ஸ்டாப் ஆவான்னு ஒண்ணு. மெக்கோனிகல் முதல் பட்டியல்ல உச்சியில, ரெண்டாவதுல நடுவுல. லொம்பார்ட் நேர் எதிர். ரெண்டையும் ஒண்ணாக் கலக்கறதாலதான் இந்தச் சண்டை முடியறதே இல்ல.


எண்கணக்கன்
7 டிசம்பர், 11:15

செகண்ட் பேஸ்ல நின்னுக்கிட்டு வருஷத்துக்கு .300 அடிச்சா டெட்ராய்ட்காரன் அழுவானா? இடம் எதுவா இருந்தா என்ன?


வான்கூவர்வாசி
7 டிசம்பர், 11:21

அழ மாட்டான். ஆனா ஷார்ட்ஸ்டாப்புக்கு இன்னொருத்தனைத் தேடணும். பேட் சுமாரா இருக்கற ஷார்ட்ஸ்டாப்பை அணி பொறுத்துக்கும், பேட் சுமாரா இருக்கற தேர்ட் பேஸ்மேனைப் பொறுத்துக்காது. நிம்மலாவுக்கு இதுதான் விஷயமே. அவன் ஷார்ட்ஸ்டாப்லயே நின்னா .240, 20 ஹோம் ரன் அடிச்சாலும் பத்து வருஷம் வேலை இருக்கு. தேர்ட் பேஸுக்குப் போனா அதே எண் பத்தாது.


பிட்ஸ்பர்க்_பாலா
7 டிசம்பர், 11:34

எங்க ஆளுக்கு ரெண்டு பட்டியல்லயும் முதல் இடம். நன்றி, வணக்கம்.

சீரியஸா ஒண்ணு. 2024ல கிரிஃபின் ஒன்பதாவது ஆளா வந்ததுக்குக் காரணமே, இவனால பந்தைத் தொட முடியுமாங்கற சந்தேகம்தான். ஹைஸ்கூல்ல அவன் ஸ்விங்கைப் பாத்துட்டு எட்டு அணிகள் தாண்டிப் போச்சு. இப்ப அதே பையன் .333. நிம்மலா பத்தி யாராவது தீர்மானமாப் பேசினா இதை நினைச்சுக்குங்க. சிவா, இது உங்களுக்கு ஆறுதலுக்குச் சொன்னது. ராத்திரி உப்புத் தடவினதுக்கு ஈடு.


ஸ்கார்பரோ_சிவா
8 டிசம்பர், காலை 6:50

ஆறுதல் கிடைச்சது, நன்றி அண்ணை. வான்கூவர்வாசி சொன்னதில எனக்கு ஒண்டு விளங்கேல்லை. நிம்மலாவில நம்பிக்கை இருந்தா, 2025 டிராஃப்டில எட்டாவதா ஜோஜோ பார்க்கரை ஏன் எடுத்தவை? அவனும் ஹைஸ்கூல் ஷார்ட்ஸ்டாப்தானே? ஒருத்தன் சரிவரேல்லை எண்டு இன்னொருத்தனை எடுத்த மாதிரித்தான் எனக்குப் படுது.


வான்கூவர்வாசி
8 டிசம்பர், 9:20

இல்ல சிவா. டிராஃப்டில எந்த அணியும் இடத்துக்கு ஆள் எடுக்காது. அங்க எடுக்கற பையன் மேல வர மூணு நாலு வருஷம் ஆகும், அப்ப யார் இருப்பா, யார் போயிருப்பான்னு யாருக்குத் தெரியும்? அந்த நேரத்துல பலகையில மிச்சம் இருக்கறதுல சிறந்த ஆள் யாரோ அவன். 2025ல முதல் இடத்துல நேஷனல்ஸ் எடுத்த ஈலாய் வில்லிட்ஸும் ஷார்ட்ஸ்டாப்தான், 17 வயசு. முதல் இடத்துல எடுக்கப்பட்டவங்கள்ல மூணாவது மிகச் சின்னவன். நேஷனல்ஸ்கிட்ட அப்பவே சி.ஜே. ஏப்ரம்ஸ் இருக்கான். யாரும் ஏன்னு கேக்கல. நாலாவதா ராக்கீஸ் எடுத்த ஈதன் ஹாலிடேயும் ஷார்ட்ஸ்டாப், அவங்ககிட்ட டோவார் இருக்கான்.

டைகர்ஸையே பாருங்க. 2023ல மூணாவதா மேக்ஸ் கிளார்க்கை எடுத்துட்டு, அதே டிராஃப்டில 37ல மெக்கோனிகலைத் தூக்கினாங்க. முப்பத்தாறு பேர் அவனுக்கு முன்னாடி போனாங்க. டொராண்டோ மட்டும் தப்பு விட்டுதுன்னு சொல்றது நியாயமில்ல. டைகர்ஸையும் சேத்து எல்லாருமே அவனை ஒரு தடவையாவது தாண்டிப் போனவங்கதான்.


ஓக்லண்ட்_அனாதை
8 டிசம்பர், 11:05

ஈதனோட அண்ணன் கதையையும் சொல்லுங்க. ஜாக்சன் ஹாலிடே, 2022ல முதல் ஆள், ஒரே வருஷத்துல நாலு படியும் ஏறினான், மைனர் லீக்ல எல்லாரையும் விட மேல. 2024 ஏப்ரல்ல ஓரியோல்ஸுக்கு வந்தான். 34 தடவை பேட் பிடிச்சு 2 ஹிட். திருப்பி அனுப்பிட்டாங்க. அவனும் இப்ப செகண்ட் பேஸ், ஏன்னா ஷார்ட்ஸ்டாப்ல கன்னர் ஹெண்டர்சன் நிக்கறான். டிரிபிள்-ஏக்கும் பெரிய லீக்குக்கும் நடுவுல இருக்கற பள்ளம் நாளுக்கு நாள் ஆழமாகிட்டே போகுது. கிரிஃபினை ஏப்ரல்லயே கொண்டுவரணும்னு பாலா கத்தறதுக்கு முன்னாடி இதை யோசிக்கட்டும்.


பிட்ஸ்பர்க்_பாலா
8 டிசம்பர், 11:12

யோசிச்சாச்சு. ஏப்ரல்லயே கொண்டுவரணும்.


மில்வாக்கி_மணி
8 டிசம்பர், 11:30

டபுள்-ஏல 21 ஆட்டம்தான் ஆடியிருக்கான் ஐயா. டிரிபிள்-ஏ வாசலையே மிதிக்கல. எங்க மாடேவை நாங்க பொத்திப் பொத்தி வெச்சிருக்கோம், நீங்க என்னடான்னா…


எண்கணக்கன்
8 டிசம்பர், மதியம் 12:20

சரி, சிவாவுக்குப் பதில் சொல்லாம எல்லாரும் வேற எங்கயோ போயிட்டீங்க. 2023 ஹைஸ்கூல் அஞ்சு பேருக்கு மட்டும் என் வரிசை: மெக்கோனிகல், எமர்சன், மில்லர், நிம்மலா, லொம்பார்ட். மில்லர் 59 ஸ்டீல் பண்ணினதை இங்க யாரும் சொல்லவே இல்ல, பாவம். எமர்சனுக்கும் மில்லருக்கும் நடுவுல சின்ன இடைவெளி. மில்லருக்கும் நிம்மலாவுக்கும் நடுவுல பெரிய இடைவெளி.


வான்கூவர்வாசி
8 டிசம்பர், 12:45

எனக்கு எமர்சன், மெக்கோனிகல், மில்லர், லொம்பார்ட், நிம்மலா. எமர்சன் ஷார்ட்ஸ்டாப்லயே நிப்பான்னு நம்பறேன், அதனால அவன் மேல. லொம்பார்டோட கையும் காலும் ஒரு தரைத்தளம் மாதிரி, அதுக்குக் கீழ அவன் போக மாட்டான். நிம்மலாவுக்கு அந்தத் தளம் இல்ல. ஆனா சக்தின்னு பாத்தா லொம்பார்ட் அவன்கிட்ட நிக்க முடியாது. கடைசியில வெச்சேன்னு கோவிக்காதீங்க சிவா, அஞ்சு பேரும் பெரிய லீக்ல ஆடக்கூடியவங்க.

2026ல அவன் நியூ ஹாம்ப்ஷருக்குப் போவான்னு நினைக்கறேன். அங்க வளையற ஸ்லைடரைக் கட்டுப்படுத்தத் தெரிஞ்ச பிட்சர்கள் வருவாங்க, ஸ்ட்ரைக் இல்லாம ரெண்டு பந்து தப்பிப் போன 2-0ல கூட ஏமாத்தற மெதுவான சேஞ்சப் போடுவாங்க. ஏப்ரல் எண்ணைப் பாக்காதீங்க, அந்தப் பக்கம் மே வரைக்கும் குளிர். ஏப்ரல்ல அவன் நல்லா அடிச்சாலும் நம்பாதீங்க, போன தடவை பாத்தோமே. ஒரு ரவுண்டு எல்லா அணியையும் பாத்து முடிச்சு, அவங்க ரெண்டாவது தடவை இவனுக்குப் பந்து போடறப்ப, ஜூன் கடைசியில, வாக் எத்தனை ஸ்ட்ரைக்கவுட் எத்தனைன்னு மட்டும் எடுத்து இங்க போடுங்க.


ஸ்கார்பரோ_சிவா
8 டிசம்பர், மாலை 5:33

சரி, ஜூன் கடைசியில போடுறன். அவன் லொம்பார்டுக்கு முன்னால வருவான் எண்டு நான் சொல்லுறன். தோத்தா வான்கூவர்வாசிக்கு ஒரு பிச்செட் ஜெர்சி, என்னட்ட இருக்கிறது. இப்ப அதுக்கு என்ன பெறுமதி எண்டு கேக்காதேங்கோ.


வான்கூவர்வாசி
8 டிசம்பர், 5:41

அளவு எக்ஸ்-எல்னா ஒத்துக்கறேன்.